தரகுக்கு ஒரு பதிவெண்

துறை மலருக்குப் பழைய மாணவர் என்ற முறையில் கட்டுரை ஒன்று தரவேண்டுமெனப் பேராசிரியப் பெருமக்கள் பணித்தபோது யாம் சற்றே தயங்கினோம். எம்முடன் இளங்கலைத் தமிழ் பயின்றோருள் பேராசிரியராய்த் திகழ்வோர் உளர். பத்திரிகைத் துறையில் பெயர் பெற்றோர் உளர். கவியரங்கங்களில் கைதட்டல் பெறுவோரும் உளர். யாமோ நிலத் தரகர். "எதைப் பற்றி எழுதுவது?" என வினவினோம். "தெரிந்ததைப் பற்றி எழுதுங்கள்" என்று விடை வந்தது. எமக்குத் தெரிந்தவை மனை, வீடு, பத்திரம், பட்டா ஆகியனவே. எனவே, தரகுத் தொழிலுக்கு அரசிடம் யாம் பதிவு பெற்ற வரலாற்றை எழுதத் துணிந்தோம். அதில் எமக்குப் பெருமை தரும் பகுதி சிறிது. வெட்கம் தரும் பகுதியே பெரிது.

எம் அத்தாவும் தரகரே. நெல்லுக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் ஒருசேரத் தரகு பார்த்த தலைமுறை அது. மாட்டுச் சந்தையில் அத்தா தம் தோள் துண்டை விரித்து, அதனுள் கையை நுழைத்து, எதிராளியின் விரல்களைப் பிடித்தே விலை பேசி முடிப்பதைச் சிறு வயதில் அருகில் நின்று பார்த்திருக்கிறோம். பேசிய விலை அவ்விருவருக்கு மட்டுமே தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். எழுத்தே தேவைப்படாத தொழில். பேசிய பேச்சை மாற்றியவருக்கு மறு சந்தையில் இடமிராது. அந்த ஒழுங்கு சந்தைக்குப் பொருந்தியது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டும் பார்க்கலாம். நிலத்தை அப்படிப் பார்க்க இயலாது என்பதை யாம் பிந்தியே கற்றோம்.

1991ஆம் ஆண்டு பட்டம் பெற்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்ற எண்ணத்தோடு அத்தாவின் பின்னே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினோம். (அந்த வேலைக்கான அழைப்பு இன்றளவும் வரவில்லை.) அலுவலகத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதனடியில் பத்திர எழுத்தர் ஒருவரின் மேசை, மேசைக்கு அப்பால் தேநீர்க்கடைப் பெஞ்சு. அப்பெஞ்சின் ஓர் ஓரமே இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக எம் அலுவலகம். விலாசம் கேட்போரிடம் "வேப்பமரத்தடியில் கேளுங்கள்" என்போம். கிரயம் முடிந்ததும் விற்றவர் நூற்றுக்கு இரண்டும் வாங்கியவர் நூற்றுக்கு இரண்டும் கையில் தருவர். ரசீது கேட்டவருமில்லை; யாம் கொடுத்ததுமில்லை.

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையை இன்று காணும் மாணவர்கள், அதன் இருமருங்கும் ஒரு காலத்தில் புஞ்சைக் காடுகளாய்க் கிடந்தன என்றால் நம்பமாட்டார்கள். 2005க்குப் பின் அக்காடுகளில் கடலைக்கு மாற்றாகக் கற்கள் முளைத்தன. மஞ்சள் வண்ணம் பூசிய கல், வண்ண வண்ணக் கொடி, நுழைவாயிலில் ஒரு வளைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து இலவச வேன், போய் இறங்கியதும் பிரியாணி. நிலம் பார்க்க வந்தோருள் பலர் பிரியாணியைத்தான் பார்த்தனர் என்று அக்காலத்தே எம் தொழிலார் தமக்குள் சொல்லிச் சிரிப்பதுண்டு. யாமும் சிரித்தோம்.

அம்மனைகளுக்கு "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒரு பெயர் வழங்கிற்று. தொழிலறியாதோர் பொருட்டு இதைச் சற்று விளக்க வேண்டும். விளைநிலத்தைப் பிரித்து மனையாக்க விரும்புவோர், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். எத்தனை அடிச் சாலை, பூங்காவுக்கு எவ்வளவு இடம், மழைநீர் எப்படிப் போகும் என்றெல்லாம் பார்த்தே அவ்வொப்புதல் தரப்படும். அவ்வழி செல்லாமல், ஊராட்சித் தலைவரிடம் வரைபடத்தில் ஒரு கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டு விற்றவையே பஞ்சாயத்து அப்ரூவல் மனைகள். அந்த முத்திரை இயக்ககத்தின் ஒப்புதலுக்கு ஈடாகாது. இதை வேப்பமரத்தடியில் அறியாதார் ஒருவருமில்லை. ஆயினும் பத்திரம் பதிவாகிக்கொண்டிருந்தது. பதிவாகும்வரை எவருக்கும் கவலையில்லை.

2012ஆம் ஆண்டு, எமக்கு இலக்கணம் கற்பித்த பேராசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றுப் பல்லாண்டு கழித்து, வேப்பமரத்தடிக்கு எம்மைத் தேடி வந்தார். சேமிப்பில் 1,500 சதுர அடி மனை ஒன்று வாங்க விரும்பினார். யாம் அவரை அச்சாலைக்கு அழைத்துச் சென்று மனையைக் காட்டினோம். வரைபடத்தை மூக்குக் கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தவர், "தம்பி, இதற்கு முறையான அங்கீகாரம் உண்டா?" என்று கேட்டார்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, ஐயா" என்றோம்.

அதில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. முத்திரை இருந்தது, கையொப்பமும் இருந்தது. அவர் கேட்டதோ வேறு வினா. தமிழ் படித்தவருக்கு அவ்வேறுபாடு விளங்காமல் இருக்க வழியில்லை. விளங்கியே விடையளித்தோம். அவர் எம்மை நம்பித் தலையசைத்தார். கிரயம் நடந்தது, தரகும் வாங்கினோம். ஆசிரியர் என்பதால் நூற்றுக்கு இரண்டை ஒன்றாகக் குறைத்தோம் என்பதை அக்காலத்தில் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறோம்.

2016 செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது எனத் தடை விதித்தது. மறுவாரம் வேப்பமரத்தடி வெறிச்சோடியது. எம் போன்றோர் வருவாய் போயிற்றே எனப் புலம்பிக்கொண்டிருந்த அக்டோபர் மாதத்தில் ஐயா மீண்டும் வந்தார். அவர்தம் துணைவியாருக்கு இதய அறுவைச் சிகிச்சை. அதற்காக அம்மனையை விற்க வேண்டும். "நீதான் வாங்கித் தந்தாய், நீயே விற்றும் தா" என்றார். தடையைப் பற்றி அவர் செய்தித்தாளில் படித்திருந்தார். தம் மனை அதில் அடங்கும் என்று அவர் நினைக்கவில்லை. அங்கீகாரம் உண்டென்றுதான் யாம் சொல்லியிருந்தோமே!

பெஞ்சில் அவரருகே அமர்ந்து உள்ளதைச் சொன்னோம். வாங்கிய நாளிலேயே இது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றோம். சற்று நேரம் சாலையைப் பார்த்திருந்தவர், "தெரியாத வினாவை விட்டுவிட்டு வருபவன் நீ என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விடையை எழுதாமல் விட்டது இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். வேறொரு சொல்லும் சொல்லவில்லை. யாம் நீட்டிய பழைய தரகுத் தொகையையும் வாங்கவில்லை. அவர் மகளின் நகைகள் அடகுக்குப் போயின. அறுவைச் சிகிச்சை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் போயிற்று. அம்மையார் பிழைத்தெழுந்தார். அந்த ஒரு மாதமும் எம் வீட்டில் தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் எமக்கு எப்படி இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இதே காலத்தில்தான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் என்ற புதிய சட்டம் பேச்சுக்கு வந்தது. 2016இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 மே முதல் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியாயின. மக்கள் இதை "ரெரா" என்பர். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்டோ அமையும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. அத்திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் முகவரும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவின்றித் தரகு பார்ப்பவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை தண்டம். புரோக்கர், இடைத்தரகர், என்ன பெயரிட்டு அழைத்தாலும் சரி, அவர் முகவரே என்று சட்டம் வரையறுக்கிறது. அத்தாவின் துண்டுக்குள் இருந்த தொழிலை அரசு முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தது இச்சட்டத்தில்தான் என்பது எம் கருத்து.

உண்மையைச் சொன்னால், எமக்குப் பதிவு கட்டாயமன்று. ஒருவரின் பழைய வீட்டை மற்றொருவருக்கு முடித்துத் தருவதற்கு இச்சட்டம் பதிவு கேட்பதில்லை. மரத்தடி நண்பர்கள் இதையே சொல்லித் தடுத்தனர். "நமக்கு மறுவிற்பனையே போதும். வீணாய் ஏன் அரசாங்கத்தின் கண்ணில் படுகிறீர்?" என்றார் ஒருவர். கண்ணில் பட வேண்டும் என்பதே எம் விருப்பமாய் இருந்தது. அதை அவரிடம் விளக்கத் தெரியவில்லை.

2018இல் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். முதல் தடையே தொழில் நடக்கும் இடத்தின் முகவரிக்குச் சான்று. வேப்பமரத்துக்கு வரி ரசீது கிடையாதே! எட்டடிக்குப் பத்தடி அறையொன்றை வாடகைக்குப் பிடித்து ஒப்பந்தம் எழுதினோம். அடுத்து நிரந்தரக் கணக்கு எண் அட்டை. அது இருந்தது, ஆனால் வங்கியில் காட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டிருந்தது. அதற்கடுத்து மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு. இருபத்தேழு ஆண்டுத் தொழிலில் ஓராண்டுக்கும் கணக்குக் காட்டியதில்லை என்று தணிக்கையாளரிடம் சொன்னபோது, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எம்மை ஏற இறங்கப் பார்த்தார். "முதலில் உங்களுக்கு எவ்வளவு வருமானம் என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியவில்லை. மூன்று நாள்கள் அமர்ந்து, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறம் குறித்திருந்தவற்றையும் இல்லாள் நினைவில் வைத்திருந்தவற்றையும் கூட்டிப் பார்த்தோம். எம் ஆண்டு வருவாயை எம் ஐம்பதாம் வயதை ஒட்டித்தான் யாம் அறிந்தோம் என்பது நகைப்புக்குரியதே.

புகைப்படம் ஒட்டி, கட்டணம் கட்டி அனுப்பினோம். கட்டணம் எம் போன்ற தனியாளுக்குச் சிறிய தொகையன்று. பின்னர் ஐந்தாண்டுக்குரிய சான்றிதழ் வந்தது. பெயர், படம், ஒரு பதிவெண். அறை வாசலில் அவ்வெண்ணைப் பலகையில் எழுதி மாட்டினோம்.

இங்கே எம் குறையொன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு தாள் கேட்டவர்கள், நிலத்தைப் பற்றி எம்மிடம் ஒரு வினாவும் கேட்கவில்லை. பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் என்ன வேறுபாடு, வில்லங்கச் சான்றில் எது வரும் எது வராது, அதிகாரம் தந்தவர் இறந்துவிட்டால் அவர் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் செல்லுமா என எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எம் தொழிலில் பாதிப் பேர் தேறியிருக்க மாட்டோம். சிங்கப்பூரில் குடியேறிய எம் தங்கை மகன் இதே தொழில் செய்கிறான். அங்கே 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு மன்றம் அமைத்திருக்கிறார்கள். பயிற்சி முடித்து, தேர்வில் இரு தாள்களிலும் தேறி, உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ்ப் பெயரைப் பதிந்த பின்னரே அவன் வீட்டைக் காட்ட முடிந்தது. விற்பனைப் பணத்தை அவன் கையால் தொடக்கூடாது. ஒரே பேரத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்து முகவராய் நிற்கவும் கூடாது. "இரண்டு பக்கமும் வாங்கினால் மாமா, நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டான். அன்று முழுதும் அக்கேள்வியைச் சுமந்து திரிந்தோம். நம் நாட்டிலும் மகாராட்டிரம் 2023 முதல் முகவருக்குப் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்று விதித்துள்ளது. இங்கும் அது வருமாயின், இந்த வயதிலும் முதல் வரிசையில் அமர்ந்து எழுதுவோம்.

அப்படியானால் இப்பதிவால் பயன் என்னவென்று மாணவர்கள் கேட்கலாம். சட்டத்தின் பத்தாம் பிரிவு முகவருக்குச் சில கடமைகளை விதிக்கிறது. பதிவு பெறாத திட்டத்தை விற்கலாகாது. கணக்கும் ஆவணங்களும் பேணுதல் வேண்டும். இல்லாத தரத்தை, இல்லாத ஒப்புதலை உண்டென்று சொல்லலாகாது. வாங்குபவர் அறிய உரிமையுள்ள எல்லா விவரங்களும் ஆவணங்களும் அவருக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். கடைசியாகச் சொன்னது, ஐயாவுக்கு யாம் அன்று அளித்த விடையைப் பெயர் சொல்லாமல் குறிப்பதாகவே எமக்குப் பட்டது. கேட்ட வினாவுக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு நகர்வதற்கு இனி இடமில்லை. விற்றுத்தரும் ஒவ்வொரு மனைக்கும் எம் எண்ணையும் குறிக்க வேண்டும். எவரும் எம்மைத் தேடி வரலாம்.

வருவாய் குறைந்தது. திட்டம் பதிவாகும் முன்பே முன்பணம் வாங்கித் தரச் சொன்ன மனை வணிகர் ஒருவரிடம் இயலாதென்றோம். வேறொருவர் அதே வாரம் முடித்துக் கொடுத்தார். இன்னொருவர் வந்து, "நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் எண்ணை மட்டும் போட்டுக்கொள்கிறோம், மாதம் ஒரு தொகை வீட்டுக்கு வரும்" என்றார். எண்ணை வாடகைக்கு விடலாம் என்பது எமக்கு அதுவரை தோன்றாத தொழில் நுட்பம்! தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

பதிவுக்கு உட்படாத பழைய வீட்டுப் பேரங்களிலும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது. நம் சமுதாயப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். ஒன்றைச் சொல்லத் துணிகிறோம். தந்தை பெயரில் வீடு இருக்கும்; ஆண்மக்கள் மட்டும் கையெழுத்திட வருவர். "சகோதரிகள் எங்கே?" என்று கேட்டால், "அவர்களுக்குத்தான் கல்யாணத்தில் செய்துவிட்டோமே" என்ற விடை வரும். மார்க்கமும் சட்டமும் பெண்மக்களுக்குரிய பங்கை வரையறுத்திருக்க, சீர்வரிசை அதை எப்படி அழிக்கும்? முன்பெல்லாம் இதைக் கேட்காமல் நகர்ந்திருக்கிறோம். இப்போது சகோதரிகள் வந்து அமர்ந்த பின்னரே முன்பணம் பேசுகிறோம். இதனால் இரண்டு பேரங்கள் கைநழுவின. மூன்றாவதில், இருபது ஆண்டாய்ப் பேசாதிருந்த அக்காளும் தம்பியும் எம் எட்டடி அறையில் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். யாம் வெளியே நின்றோம்.

ஐயாவின் மனைக்கு வருவோம். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017 மே மாதம் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் விற்பனையான மனைகளுக்கு அது பொருந்தும். முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் கொள்கையளவில் ஒப்புதல், பிறகு ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே விண்ணப்பம், கட்டணம். அம்மனைப்பிரிவில் கல் நட்டவர் எப்போதோ வேற்றூருக்குப் போய்விட்டிருந்தார். மனை வாங்கிய மற்றவர்களைத் தேடிப் பிடித்து, ஒன்றுகூட்டி, அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கினோம். 2019இல் ஐயாவின் மனை வரன்முறையாயிற்று. கட்டணத்தை யாம் கட்டினோம். இம்முறை ஐயா மறுக்கவில்லை.

2020 ஜனவரியில் அம்மனையை விற்றுக் கொடுத்தோம். அன்று மாலை ஐயா எம் அறைக்கு வந்தார். வாசலில் நின்று பலகையிலிருந்த பதிவெண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். உள்ளே வந்து அமர்ந்ததும், தரகு வாங்காமல் விடமாட்டேன் என்று எம் கையில் பணத்தை வைத்தார். வேறு வழியின்றி ரசீது எழுதினோம். மறுவிற்பனையாதலால் எண்ணைக் குறிக்க வேண்டிய கட்டாயமில்லை, எனினும் குறித்தோம். ரசீதை வாங்கிய ஐயா கண்ணாடியை உயர்த்தி முழுதும் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, "மனை பிரிவு" என்று யாம் எழுதியிருந்த இடத்தில் இரு சொற்களுக்கும் நடுவே ஒரு "ப்" சேர்த்தார். பிறகு எழுந்து, "இதற்கு ஒரு படி எடுத்துக் கோப்பில் வை" என்று எம்மிடம் நீட்டினார். படியை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சிவப்பு மையுள்ள மூலத்தை யாம் வைத்துக்கொண்டோம்.